கார்னேஷன் மொக்குப்புழு, ஒரு வீங்குன நியூக்ளியஸ், கொஞ்சம் சலவை சோடா: வீட்லயே என்பிவி தயார் பண்ண பதிவு

கோத்தகிரி பக்கம் பாலிஹவுஸ்ல கார்னேஷன் போட்டிருக்கறவங்களுக்கு மொக்குப்புழுவ பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. மொக்கு திரண்டு கலர் காட்டுற நேரத்துல பக்கவாட்டுல ஒரு ஓட்டை, தலை உள்ள, பாதி உடம்பு வெளிய, அந்தத் தண்டு நேரா கழிவுக் கூடைக்கு. சமவெளியில தக்காளி, அவரை, கடலை, பருத்தின்னு ஒண்ணு விடாம திங்கிற அதே ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா தான் மேல ஏறி வந்து இங்க உக்காந்திருக்கு, வெளிய போட்டிருக்க பீன்ஸ்லயும் அதே ஆளு. பைரித்ராய்டு வகை மருந்தெல்லாம் இது எப்பவோ பழகிருச்சு. அதனால இந்த சீசன் என்பிவிங்கற புழுக்கொல்லி வைரஸ நானே தயார் பண்ணி அடிச்சுப் பாப்போம்னு இறங்கிட்டேன். நான் படிச்சது எம்எஸ்சி விலங்கியல், வாக்கப்பட்டது தோட்டத்துக்கு, படிச்சது இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆகுது.

என்பிவின்னா நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ். பேர்லயே நியூக்ளியர்னு இருக்கறத பாத்து எங்க வீட்டுக்காரர் முதல்ல பயந்தாரு, அது அணுகுண்டு இல்ல, செல்லோட நியூக்ளியஸ். புழுவோட செல் நியூக்ளியஸ்க்குள்ள போயி அங்கயே பெருகி அங்கயே தன்ன புரோட்டீன் படிகத்துக்குள்ள அடைச்சுக்கற டிஎன்ஏ வைரஸ் இது, பாக்குலோவைரஸ் குடும்பம். தயாரிக்கிற முறை வேளாண் பல்கலைக்கழகக் கையேடுல எல்லாம் கிடைக்கும், அத இங்க திருப்பி எழுதப் போறதில்ல. அந்த முறையில "இப்படிப் பண்ணு, இதப் பண்ணாத"ன்னு ஒரு நீள வரிசை இருக்கும் பாருங்க, காரணம் சொல்லவே மாட்டாங்க. அந்தக் காரணம் முக்கால்வாசி நியூக்ளியஸ்க்குள்ளதான் இருக்கு, அத ஒரு சாதா ஸ்டூடண்ட் மைக்ராஸ்கோப்ல கண்ணாலயே பாக்கலாம். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல விதை வைரஸ் வேணும். காசு குடுத்தும் வாங்கலாம், ஆனா எங்களுக்கு அது பீன்ஸ் கொடியிலயே கிடைச்சது. கோத்தகிரி கிழக்குச் சரிவுல இருக்கறதால ஊட்டி மாதிரி இல்லாம எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை, அந்த மழை நின்னு மூடாக்கா இருக்கற நாள்ல கொடி உச்சியில பாத்தா புழு பின்னங்காலால மட்டும் புடிச்சிக்கிட்டு தலைகீழா தொங்கும், தோல் வெளுத்து உப்பி இருக்கும், விரல் பட்டா போதும், கிழிஞ்சு வெள்ளையா ஊத்தும். அத ஒண்ணொண்ணா சின்ன டப்பால சேத்துக்கிட்டு இருக்கேன், பீன்ஸ் பறிக்க வர்ற அக்கா ஒருத்தங்க பாத்துட்டு, "ஏம்மா, சீக்கு வந்து செத்தத எதுக்கும்மா பொறுக்குற, கையில கொப்புளம் வந்துரப் போவுது"ன்னாங்க. "இந்த சீக்கு புழுவுக்கு மட்டும்தான்க்கா வரும், நமக்கு வராது"ன்னேன். "அப்ப நல்ல சீக்குதான், எல்லாத்துக்கும் வரட்டும்"ன்னுட்டு ரெண்டு பொறுக்கி அவங்களே டப்பால போட்டாங்க.

சாகப் போற புழு ஏன் உச்சிக்கு ஏறுதுன்னா அதுவும் வைரஸ் வேலைதான். ஈஜிடின்னு ஒரு ஜீன் பாக்குலோவைரஸ்ல இருக்கு, 1989ல கண்டுபுடிச்சாங்க, அது புழுவோட தோலுரிக்கிற ஹார்மோன செயலிழக்க வச்சிரும், புழு தோலுரிக்காம தின்னுக்கிட்டே இருக்கும். ஜிப்சி மாத்னு ஒரு அந்துப்பூச்சியோட புழுவுல 2011ல பாத்தது என்னன்னா, அந்த ஒத்த ஜீன எடுத்துட்டா சாகற புழு உச்சிக்கு ஏறதில்ல. உச்சியில செத்து ஒழுகுனா கீழ் இலை பூராவும் வைரஸ், மழை வேற அடிச்சுக் கழுவிக் கீழ இறக்கிவிடும்.

மைக்ராஸ்கோப் கதைக்கு வரேன். எங்ககிட்ட இருக்கறது ஒரு கல்லூரியில ஏலத்துல விட்டப்ப எடுத்த பழைய மோனோகுலர், கீழ கண்ணாடி வச்சது, 10, 45, 100 எண்ணெய் லென்ஸ் மூணும் இருக்கு. நீலகிரியில லென்ஸ் வச்சிருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சினை பூஞ்சை. 45 லென்ஸ் வழியா பாத்தா சிலந்தி வலை மாதிரி நூல் நூலா. முன் லென்ஸ் வெளிப்பக்கம் மட்டும் இருந்ததால தப்பிச்சோம், ஐப்பீஸ கழட்டி தலைகீழா புடிச்சு அதையே பூதக்கண்ணாடியா வச்சுப் பாத்துக்கிட்டு, லென்ஸ் பேப்பர்ல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, நடுவுல இருந்து வெளிய சுத்திச் சுத்தி துடைச்சது. அழுத்தித் தேச்சா கோட்டிங் போயிரும், பொறுமையா பண்ணணும். இப்ப அது சிலிகா ஜெல் போட்ட மூடி டப்பாக்குள்ளதான் தூங்குது, ஜெல் கலர் மாறுனா தோசைக்கல்லுல வறுத்து திரும்பப் போடறது.

வெளிச்சத்துக்கு கண்ணாடிய கழட்டிட்டு ஒரு எல்இடி டார்ச், மேல டிரேசிங் பேப்பர். பாக்கப் போற படிகத்துக்கு கலர் கிடையாது, கண்ணாடித் தூள் மாதிரி ஒளிய வளைக்கும் அவ்ளோதான், அதனால நேரா வெளிச்சம் விட்டா தெரியறது கஷ்டம். கண்டென்சருக்குக் கீழ பில்டர் வைக்கிற வளையம் இருக்கும்ல, அதுல ஒரு ஓஹெச்பி ஷீட்ட வட்டமா வெட்டி நடுவுல கருப்பு சார்ட்ல வெட்டுன ஒரு வட்டத்த ஒட்டி சொருகுனேன். 10க்கு ஒரு அளவு, 45க்கு கொஞ்சம் பெரிய அளவு வேணும், ரெண்டு மூணு சைஸ் வெட்டி மாத்தி மாத்தி வச்சுப் பாத்தா ஒண்ணு பொருந்திரும். பின்னணி கருப்பாயிடும், படிகம் எல்லாம் மின்னும். செலவு பூஜ்யம்.

சரி, முக்கியமான இடம். செத்து ஒழுகுன புழுவுல பாத்தா படிகம் மட்டும் தெரியும், நியூக்ளியஸ் தெரியாது, அதெல்லாம் உடஞ்சு போயிருக்கும். நியூக்ளியஸோட பாக்கணும்னா இன்னும் உயிரோட இருக்கற, ஆனா மந்தமாகி தோல் பளபளப்பு மாறுன புழு வேணும். அதோட வயித்துக் கால் ஒண்ண நுனியில கத்தரிச்சா ஒரு சொட்டு ரத்தம் வரும், நோய் இல்லாத புழுவுக்கு அது தெளிவா லேசா பச்சையா இருக்கும், இதுக்கு கலங்கலா வரும். காத்து பட்டா கருத்துப் போயிரும், அதனால சொட்டு விழுந்த உடனே கவர் ஸ்லிப் போட்டு உடனே பாக்கணும். கூடவே தோலுக்கு அடியில இருக்கற வெள்ளை கொழுப்புத் திசுல துளியூண்டு கிள்ளி இன்னொரு ஸ்லைடுல வச்சு நசுக்கிக்கங்க, அதுலதான் அதிகம் கிடைக்கும்.

45ல பாத்தா முதல்ல வெறும் உருண்டைகள்னு தோணும். போகஸ் திருகை மெல்ல ஆட்டுனா ஒரு உருண்டைக்குள்ள இன்னொரு உருண்டை இருக்கறது புரியும், வெளிய ஒரு மெல்லிய வளையம் மாதிரி மிச்சம் இருக்கறதுதான் சைட்டோபிளாசம், உள்ள செல்ல முக்காலே மூணு வீசம் அடைச்சுக்கிட்டு இருக்கறது நியூக்ளியஸ். நல்ல செல்லுல நடுவுல சின்னதா கிடக்கற சாமான் இங்க வீங்கி செல்லோட வெளிச் சவ்வு வரைக்கும் வந்து முட்டுது. அதுக்குள்ள கோணம் கோணமா படிகங்கள், ஒவ்வொண்ணும் ஒரு மைக்ரான் ரெண்டு மைக்ரான், முப்பது நாப்பதுக்கு மேல எண்ண முடியல, எல்லாம் உள்ளயே நடுங்கிக்கிட்டு இருக்கு. பிரவுனியன் அசைவுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்ல, அதான். நான் பென்சில் முனையால கவர் ஸ்லிப்ப லேசா அழுத்துனேன், ஒரு செல் பட்டுனு விட்டுது, உள்ள இருந்ததெல்லாம் திரவத்துல பரவி ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆட ஆரம்பிச்சது. வீட்டுக்காரர கூப்பிட்டு காட்டுனேன், ரொம்ப நேரம் கண்ண எடுக்கல, கடைசியா "இதத்தான் நாம டேங்க்ல ஊத்தப் போறமா"ன்னாரு.

ஆமா, இதத்தான். இந்தப் படிகம் வைரஸ் கிடையாது, வைரஸுக்கான பெட்டி. பாலிஹெட்ரின்னு ஒரே ஒரு புரோட்டீன், கிட்டத்தட்ட 29 கிலோடால்டன், அது ஒண்ணோட ஒண்ணு வரிசையா அடுக்கிப் படிகமாயிருது, குச்சி வடிவத்துல இருக்கற வைரஸ்கள் கடலை மிட்டாய்க்குள்ள கடலை மாதிரி ஊடால பதிஞ்சு கிடக்கு. பெரும்பாலும் ஒரு புரோட்டீனை படிகமாக்கி எக்ஸ்ரே எடுக்க ஆராய்ச்சிக் கூடத்துல மாசக்கணக்கா மண்டைய ஒடைப்பாங்க, இத செல்லே படிகமா செஞ்சு குடுத்துருது. அந்த மைக்ரான் அளவு படிகத்த அப்படியே சின்க்ரோட்ரான்ங்கற ரொம்ப பலமான எக்ஸ்ரே கதிர்ல வச்சு 2009ல அணு அணுவா அமைப்பு கண்டுபுடிச்சாங்க.

நியூக்ளியஸ்க்குள்ள இது எப்படி நடக்குதுன்னு பாத்தாத்தான் நம்ம வேலைக்கு உபயோகம். புழு இலையோட படிகத்த திங்குது. அந்துப்பூச்சிப் புழுக்களோட குடல் பயங்கர காரம், பிஎச் 10, 11 வரைக்கும் போகும், அதுல படிகம் கரைஞ்சு வைரஸ் குச்சிகள் வெளிய வருது, குடல் செல்லுக்குள்ள நுழையுது. குச்சியோட நீளம் 250, 300 நானோமீட்டர் இருந்தாலும் அகலம் கம்மி, அதனால நியூக்ளியஸ் வாசல் துளை வழியா முழுசாவே உள்ள போயிரும். நம்ம ஊர் அக்கி வகை ஹெர்ப்பிஸ் வைரஸ் உருண்டை, 125 நானோமீட்டர், அது வாசல்லயே நின்னு டிஎன்ஏவ மட்டும் உள்ள தள்ளும்.

உள்ள போனதும் நியூக்ளியஸ் நடுவுல வைரஸ் தனக்குன்னு ஒரு பட்டறை போடுது, வைரோஜெனிக் ஸ்ட்ரோமான்னு பேரு, அங்கதான் டிஎன்ஏ நகலெடுக்கறது, புதுக் குச்சி கட்டறது எல்லாம். சுத்தி இருக்கற வளையப் பகுதியில குச்சிக்கு உறை போட்டு படிகத்துக்குள்ள அடைக்கிற வேலை. இதுக்கு செல்லோட சொந்த சாமானையே தூக்கிட்டு வந்துருது. ஆக்டின்னு ஒரு புரோட்டீன், செல்லுக்கு உருவம் குடுக்கற நூல், பொதுவா சைட்டோபிளாசத்துலதான் நூலா இருக்கும். பாக்குலோவைரஸ் அத நியூக்ளியஸ்க்குள்ள வரவச்சு அங்க நூலா பின்ன வைக்குது, அந்த ஆக்டின் நூல மருந்து குடுத்துத் தடுத்தா வைரஸ் குச்சியே சரியா உருவாகாது. 2006, 2010 வாக்குல வந்த வேலைகள்ல வைரஸோட ஒரு புரோட்டீன் செல்லோட ஆர்ப் 2/3ங்கற ஆக்டின் மெஷின முடுக்கி விடுதுன்னும், புதுசா செல்லுக்குள்ள வந்த குச்சி அதே ஆக்டின் வால் முளைச்சு நியூக்ளியஸ் நோக்கி நகருதுன்னும் காட்டுனாங்க. இதெல்லாம் நம்ம மைக்ராஸ்கோப்புக்கு எட்டாது, வீக்கமும் படிகமும்தான் நமக்கு.

இதுல நேரக் கணக்குதான் எனக்கு ரொம்ப உதவுச்சு. ஆய்வகத்துல 27, 28 டிகிரியில வளக்கற செல்லுல டிஎன்ஏ நகல் ஆரம்பிக்கறது சுமாரா 6 மணி நேரத்துல, ஆனா பாலிஹெட்ரின் கடைசி ஷிப்ட், 18 மணி நேரம் தாண்டித்தான் வேகம் எடுக்கும். முதல்ல வர்ற குச்சிகள் உறை வாங்கிட்டு பக்கத்து செல்லுக்குப் பரவப் போயிரும், அதுங்களுக்கு பெட்டி கிடையாது, புழு உடம்ப விட்டு வெளிய வந்தா அவ்ளோதான். பெட்டிக்குள்ள போறது கடைசி கட்டத்து குச்சிங்கதான். அப்புறம் பி10னு இன்னொரு புரோட்டீன், நியூக்ளியஸ்லயும் வெளியயும் நூல் நூலா கட்டும், அந்த ஜீன எடுத்துட்டா நியூக்ளியஸ் உடையாது, படிகம் உள்ளயே சிக்கிக்கும். கையேட்டுல "புழு சாகும் வரை காத்திருந்து சேகரிக்கவும்"னு ஒரு வரி இருக்கே, காரணம் இதான். அவசரப்பட்டு மந்தமா இருக்கும்போதே அரைச்சா எண்ணிக்கை பாதி கூட தேறாது, இருக்கறதும் செல்லுக்குள்ளயே மாட்டிக்கிட்டு துணியில வடிகட்டும்போது சக்கையோட போயிரும். வைரஸோட கைட்டினேஸ், கத்தெப்சின்ங்கற ரெண்டு நொதியும் புழுவ கரைச்சு ஒழுக விட்டப்புறம் எடுத்தா வேலை தன்னால முடிஞ்சிருக்கும்.

இப்ப சலவை சோடா. ஸ்லைடுல மின்னுறதெல்லாம் படிகம்னு நம்பிர முடியாது, கொழுப்புத் துளியும் மின்னும், சில பாக்டீரியாவும் குழப்பும். ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் சலவை சோடா கரைச்சு, கவர் ஸ்லிப் ஒரு ஓரத்துல ஒரு சொட்டு வச்சு, எதிர் ஓரத்துல டிஷ்யூ பேப்பர் நுனிய வச்சா அது உறிஞ்ச உறிஞ்ச சோடாத் தண்ணி உள்ள ஓடும். பாத்துக்கிட்டே இருங்க, படிகத்தோட ஓரம் முதல்ல மங்கும், மின்னுறது கொறையும், அப்புறம் ஒரு நிழல் மாதிரி நிக்கும், அதுவும் போயிரும். கொழுப்புத் துளி மட்டும் அசையாம அங்கயே மின்னிக்கிட்டு இருக்கும். புழு குடல்ல நடக்கறதுதான் இது, நாம ஸ்லைடுல நடத்திக் காட்டுறோம். ஆப்ப சோடா வேலைக்கு ஆகாது, அதோட காரம் பத்தாது.

இன்னொரு வழி ஜீம்சா சாயம். மெத்தனால்ல பிக்ஸ் பண்ணி ஜீம்சா போட்டா செல் எல்லாம் நீலமும் ஊதாவுமா சாயம் ஏறும், படிகம் மட்டும் ஏறாது, நியூக்ளியஸ்ல ஓட்டை ஓட்டையா வெள்ளையா தெரியும். புரோட்டீன் அவ்ளோ இறுக்கமா அடுக்கி இருக்கறதால சாயம் உள்ள நுழைய இடமில்ல. போட்டோ எடுத்து வைக்க இது நல்லாருக்கும், தினசரி செக் பண்ண சோடாவே போதும்.

சோடா பாத்ததுக்கு அப்புறம் டேங்க்ல எத கலக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லத் தேவையில்ல. காரமா இருக்கற எதையும் கூடாது. போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்) அடிச்ச டேங்க்க கழுவாம ஊத்தக் கூடாது, சுண்ணாம்பு தூவுன இலை மேல அடிக்கக் கூடாது, இலை ஒட்டுறதுக்குன்னு துணி சோப்பு கரைக்கறவங்க இருக்காங்க, அதுவும் காரம்தான். பெட்டி புழு வயித்துல தொறக்கணும், நம்ம டேங்க்ல தொறந்துட்டா உள்ள இருக்கறது வீண். பருத்தி இலையில இருந்து கசியறதே காரமா இருக்கறதால அங்க என்பிவி கொஞ்சம் மட்டுப்படும்னு ஆராய்ச்சி உண்டு. நான் பூந்திக்கொட்டைய ஊற வச்ச தண்ணிய சேத்துக்கிட்டேன், பிஎச் பேப்பர் வச்சா அது லேசா அமிலப் பக்கம்தான் காட்டுது, நுரையும் நல்லா வருது.

ஊடால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், வேலைக்கு சம்பந்தம் இல்ல, ஆனா இதப் படிச்சப்ப தான் நியூக்ளியஸ் வெறும் டிஎன்ஏ மூட்டை இல்லன்னு எனக்கு உறைச்சது. நம்ம நியூக்ளியஸ்க்குள்ள பிஎம்எல் பாடின்னு புரோட்டீன் திட்டுகள் உண்டு, ஒரு மைக்ரானுக்கும் கீழ, ஒரு நியூக்ளியஸ்க்கு சுமாரா 5ல இருந்து 30 வரைக்கும். உள்ள வர்ற அந்நிய டிஎன்ஏவ அமுக்கி வைக்கிற காவல் வேலை இதுக்கு. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் உள்ள வந்ததும் பண்ற முதல் வேலைகள்ல ஒண்ணு ஐசிபி0ங்கற தன் புரோட்டீன விட்டு பிஎம்எல் மேல யூபிக்விட்டின் சீட்டு ஒட்டி செல்லையே அத அழிக்க வைக்கிறது. அடினோவைரஸ் அழிக்காது, திட்டை நீளநீளமா கோடா இழுத்து விட்டுரும். சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) வைரஸ் விஷயத்துல தலைகீழா நடக்கும், சில செல்லுல பிஎம்எல் கூண்டு மாதிரி சுத்தி நின்னு புதுசா செஞ்ச வைரஸ் கூடுகள உள்ளயே அடைச்சு வச்சிருது, 2011ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல காட்டுனாங்க. பாப்பிலோமா வைரஸ் இன்னும் கில்லாடி, காவல்காரன் வீட்டுக்கே போயி ஒட்டிக்கிட்டு தன் டிஎன்ஏவ பத்திரமா வச்சுக்கும். புழுவுக்கு பிஎம்எல் கிடையாது, ஆனா பாக்குலோவைரஸ்லயும் ஐஇ2ன்னு யூபிக்விட்டின் ஒட்டுற புரோட்டீன் ஒண்ணு இருக்கு, அதுவும் நியூக்ளியஸ்ல திட்டுத் திட்டாத்தான் நிக்கும். ஆளு வேற, கட்சி வேற, தந்திரம் ஒண்ணுதான்.

இதே பாலிஹெட்ரின் ஜீனோட ஸ்விட்ச் அவ்ளோ பலமா வேலை செய்யறதால, 1983ல அந்த ஜீன எடுத்துட்டு வேற புரோட்டீன வச்சு செய்ய வச்சாங்க. அப்புறம் பூச்சி செல்லுல பாக்குலோவைரஸ் வச்சு செஞ்ச புரோட்டீன்தான் கோவோவேக்ஸ் கோவிட் ஊசியில இருந்தது. புழு மருந்துன்னு எளக்காரமா பாக்கறவங்ககிட்ட இத சொல்லலாம்.

தயாரிப்புக்கு வரேன். ஹெலிகோவெர்பா ஒண்ண ஒண்ணு தின்னுரும், அதனால ஒரு டப்பாக்கு ஒண்ணுதான், நான் ஐஸ் ட்ரேயும் சின்ன மருந்து பாட்டிலும் வச்சேன், மேல துணி. தீனி ஊற வச்ச கொண்டைக்கடலை. ஓரளவு வளந்த புழுவா எடுத்துக்கணும், ரொம்ப சின்னதுன்னா சீக்கிரம் செத்துரும், ஆனா உடம்பு சின்னது, படிகம் கொஞ்சம்தான் கிடைக்கும், ரொம்ப பெருசுன்னா சாகாம கூட்டுப்புழு ஆயிரும். விதை வைரஸ கரைச்ச தண்ணியில கடலைய முக்கி, நிழல்ல ஒலர வச்சு, ஒரு நாள் அதயே தின்ன விட்டு, அப்புறம் சாதா கடலை.

மலையில இருக்கற சிக்கல் குளிர். கையேட்டுல 5, 7 நாள்ல சாகும்னு இருக்கும், அது 25 டிகிரி ரூமுக்கு. எங்க ஊர்ல ராத்திரி பத்துக்குக் கிட்ட போயிரும், புழுவும் மெதுவா, அதுக்குள்ள வைரஸும் மெதுவா, ரெண்டு பேரும் சேந்து தூங்குவாங்க. அதனால கோழிக்குஞ்சுக்கு போடற மாதிரி அட்டைப்பெட்டில ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர், 25, 26ல நிக்கற மாதிரி மூடிய தொறந்து மூடி பாத்துக்கிட்டேன். சூடு ஜாஸ்தி ஆனாலும் தப்பு, 35க்கு மேல போனா வைரஸ் பெருக்கம் அடி வாங்கும்.

செத்தத தண்ணியில போட்டு ஊற விட்டு, கலக்கி, மஸ்லின் துணியில ரெண்டு மடிப்பு வச்சு வடிகட்டுனது. நாத்தம் பத்தி எழுத வேணாம்னு பாக்கறேன், தோட்டத்து ஷெட்ல பண்ணுங்க, வீட்டு மிக்சிய தொடவே தொடாதீங்க, கையுறை போடுங்க. என்பிவி நம்மள ஒண்ணும் பண்ணாது, ஆனா அழுகுன புழுவுல பாக்டீரியா இல்லாம இருக்குமா. வடிச்சத பாட்டில்ல ஊத்தி பிரிட்ஜ்ல வச்சா நாள் போகப் போக அடியில வெள்ளையா படியும், மேல் தண்ணிய ஊத்திட்டு நல்ல தண்ணி விட்டு மறுபடி படிய விடணும். பிரிட்ஜ்ல வைக்கிற பாட்டில் மேல பெருசா எழுதி ஒட்டுங்க. எங்க அத்தை மோர்னு நெனச்சு கையில எடுத்துட்டாங்க, நல்லவேளை நான் பக்கத்துல இருந்தேன்.

அளவு பாக்க ஹீமோசைட்டோமீட்டர், அதாவது ரத்த செல் எண்ணற கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடு. கணக்கு சுலபம்தான், நடு சதுரத்துல இருக்கற 25 கட்டத்துலயும் சேத்து எண்ணி, அத பத்தாயிரத்தால பெருக்கி, எத்தன மடங்கு நீத்தமோ அதாலயும் பெருக்கணும். 1000 மடங்கு நீத்து 120 வந்தா ஒரு மில்லிக்கு 120 கோடி படிகம். ஒரு எல்இன்னா 600 கோடி, அதாவது முழுசா வளந்து செத்த ஒரு புழு குடுக்கற அளவு, அப்ப 5 மில்லி ஒரு எல்இ. ஹெக்டேருக்கு 250ல இருந்து 500 எல்இ பரிந்துரை, எங்க பாலிஹவுஸ் 10 சென்ட், 10ல இருந்து 20 எல்இ போதும். படிகம் நடுங்கிக்கிட்டே இருக்கும், கவர் ஸ்லிப் போட்டு ஒரு அஞ்சு பத்து நிமிஷம் அடங்க விட்டு எண்ணுங்க, இல்லன்னா ஒண்ணையே ரெண்டு தரம் எண்ணுவீங்க.

அடிச்சது சாயங்காலம். வைரஸுக்கு எமன் அல்ட்ரா வயலெட், படிகப் பெட்டி மழைக்கும் அழுகலுக்கும்தான் கெட்டி, வெயிலுக்கு இல்ல, உள்ள இருக்கற டிஎன்ஏ கெட்டுப் போயிரும். 1000 மீட்டர் ஏறுனா அல்ட்ரா வயலெட் சுமார் 10 சதவீதம் கூடும், கோத்தகிரி கிட்டத்தட்ட ரெண்டாயிரம் மீட்டர், குளுகுளுன்னு இருக்கேன்னு மதியம் அடிக்கலாம்னு நெனச்சா ஏமாந்துருவோம். பாலிஹவுஸ் ஷீட் கொஞ்சம் வடிகட்டிக் குடுக்கறதால உள்ள இருக்கற கார்னேஷனுக்கு இது பீன்ஸ விட தோது. வெயில் பாதுகாப்புக்கு துணி நீலம் சேக்கச் சொல்லுவாங்க, காய்கறிக்கு சரி, பூவுல கறை பட்டா மார்க்கெட்ல நம்ம முகத்துலயே எறிவாங்க, நான் சேக்கல. 20 லிட்டருக்கு 100 கிராம் வெல்லம், புழு ஆசையா திங்கறதுக்கு.

பலன் எப்படின்னா, சின்னப் புழு விஷயத்துல எனக்கு பரம திருப்தி, இலையில மொக்கு மேல மேஞ்சுக்கிட்டு இருந்ததெல்லாம் மந்தமாகி வெளுத்து தொங்க ஆரம்பிச்சது, ஒண்ண எடுத்து கால நறுக்கி ஸ்லைடு பாத்தேன், வீங்குன நியூக்ளியஸ், உள்ள நடுக்கம், எல்லாம் அதே. மொக்குக்குள்ள புகுந்துட்ட பெருசுங்கள ஒண்ணும் பண்ணல. தொட்டா சாகற மருந்து இல்ல இது, தின்னாத்தான், உள்ள உக்காந்து உள்ளயே திங்கறவன் வெளிய அடிச்சத எப்படித் திம்பான். அதனால முட்டை தெரிஞ்ச உடனே அடிக்கணும், பொறிச்சு வெளிய வர்ற குஞ்சு முதல் வாய்லயே வாங்கிக்கணும். பெருசுங்கள கையாலதான் பொறுக்குனோம், அதுல ரொம்ப பெருசாகாததுங்கதான் அடுத்த தயாரிப்புக்கு ஐஸ் ட்ரேல உக்காந்திருக்கு.

முட்டைக்கோஸ் காரங்க கேப்பீங்க, அதுல வர்றது ஸ்போடாப்டெரா லிட்டுராங்கற வேற புழுவா இருந்தா இந்த பாட்டில் உதவாது, அதுக்கு அதோட சொந்த என்பிவி வேணும், ஆளுக்கு ஆள் வேற. கோஸ் இலையில வெளுத்து தொங்கறத பாத்தா தனி டப்பால எடுத்து வைங்க, இதோட கலக்காதீங்க. இன்னொருத்தருக்கு விக்கறதுன்னா பூச்சிக்கொல்லி சட்டப்படி பதிவு வேணும், இது சொந்தத் தோட்டத்துக்கு மட்டும். பாட்டில் இருட்டுல பிரிட்ஜ்ல இருக்கு, அடுத்த முட்டை சீசன் முன்னால ஒரு தரம் எண்ணிப் பாத்து, ரெண்டு மூணு புழுவுக்கு குடுத்து செத்தா மட்டும் டேங்க்ல ஊத்தணும். படிகம் எண்ணிக்கையில இருந்தாலும் உள்ள டிஎன்ஏ உயிரோட இருக்கான்னு மைக்ராஸ்கோப் சொல்லாது, புழுதான் சொல்லணும்.